பாட்டியின் நினைவு மலரில் என்ன இருக்க வேண்டும்

"அன்பின் உருவம், பண்பின் சிகரம், குடும்பத்தின் குலவிளக்கு." சிங்கப்பூரில் அச்சாகும் நினைவு மலர்களில் பத்தை எடுத்து, பெயரையும் படத்தையும் மட்டும் மாற்றி வைத்துப் பாருங்கள். யாருக்கும் வித்தியாசம் தெரியாது. தொண்ணூறு வயதுவரை வாழ்ந்து, ஏழெட்டுப் பிள்ளைகளைப் பெற்று, அவர்கள் பெற்றதையும் குளிப்பாட்டித் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பிய ஒருவரின் வாழ்க்கை மூன்று அடைமொழிகளில் முடிந்துபோகிறது. பாசம் குறைந்ததால் அல்ல. கையில் விவரம் இல்லை, அவ்வளவுதான். எந்தப் புளோக், எந்தக் கம்பம் (கிராமக் குடியிருப்பு), வடை எத்தனை காசுக்கு விற்றார், எந்தப் பிள்ளை எந்த வீட்டில் பிறந்தது என்பதெல்லாம் தேட வேண்டிய நேரத்தில் தேடாமல் விடுவதால், எழுத உட்காரும்போது அடைமொழிதான் மிஞ்சுகிறது.

சாவு வீட்டில் முதலில் தொலைவது குரல். பாட்டி அனுப்பிய வாட்ஸ்அப் குரல் செய்திகள் அவர் கைப்பேசியிலும் பேரப்பிள்ளைகளின் கைப்பேசிகளிலும் சிதறிக் கிடக்கும். மாதக் கட்டணம் வீண் என்று ஒருவர் லைனை நிறுத்துவார். இன்னொருவர் கைப்பேசியில் இருப்பதையெல்லாம் அழித்துவிட்டு யாருக்காவது கொடுப்பார். பொதுவாக 120 நாள் இணைப்பே இல்லாமல் கிடந்தால் வாட்ஸ்அப் அந்தக் கணக்கை நீக்கிவிடும். எனவே முதல் வாரத்திலேயே குடும்பக் குழுவின் உரையாடலை, ஒலி, படங்கள் சேர்த்து, ஏற்றுமதி (எக்ஸ்போர்ட்) செய்து ஒருவரிடம் வைத்துவிட வேண்டும். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் குரல் கோப்பின் பெயரிலேயே தேதி இருக்கும்: பிடிடி (PTT) என்ற எழுத்துகளுக்குப் பின் 20210314 என்றிருந்தால் 2021 மார்ச் 14. ஆனால் அதையே மாமா அத்தைக்கு ஃபார்வர்டு செய்து, அத்தை உங்களுக்கு அனுப்பினால், நீங்கள் வாங்கிய நாள்தான் பெயரில் ஏறும். நேரடியாக யாருக்கு வந்ததோ அவரிடமிருந்தே எடுங்கள். கோப்பின் வகை ஓபஸ் என்று இருக்கும். எம்பி3ஆக மாற்றி ஒரு பிரதியும், மாற்றாத மூலம் ஒரு பிரதியும் இருக்கட்டும்.

இரண்டாவதாகத் தொலைவது டின்கள். மைலோ டின், பிஸ்கட் டின், ட்ரங்குப் பெட்டி. எட்டாம் நாள் படைப்புக்கு வீட்டைக் கழுவிவிடும் வேகத்தில் அதிலுள்ள காகிதங்கள் கறுப்புப் பையில் போய்விடும். பெரிய மகள்களுக்குப் புடவையும் நகையும்தான் கண்ணில் படும். பேரப்பிள்ளைகளில் ஒருவராவது காகிதத்துக்குக் காவல் நிற்க வேண்டும். பிள்ளைகளின் பழைய பிறப்புப் பத்திரம், தடுப்பூசி அட்டை, வாடகை ரசீது, நீல நிற வான்கடிதம், கோயில் ரசீது எல்லாமே நாளும் இடமும் சொல்லும் சாட்சிகள். எதையும் லேமினேட் செய்யாதீர்கள். சூட்டில் மை மங்கும், பிறகு பிரிக்கவும் முடியாது.

படங்களுக்கு வருவோம். எழுபது, எண்பதுகளில் எல்லா வீட்டிலும் இருந்தது ஒட்டும் பக்கம் கொண்ட ஆல்பம்: பிளாஸ்டிக் தாளைத் தூக்கிப் படத்தை வைத்தால் பிடித்துக்கொள்ளும். அந்தப் பசை இப்போது மஞ்சளாகி, படத்தின் முதுகோடு ஒன்றாகியிருக்கும். விரலால் பிய்த்தால் படம் நடுவில் மடங்கி, மேற்பரப்பு வெடிக்கும். பல் இடுக்கில் விடும் நூலை எடுத்து, மெழுகு பூசாததாகப் பார்த்து, படத்தின் ஒரு மூலைக்கு அடியில் நுழைத்து ரம்பம் இழுப்பதுபோல் மெதுவாக இழுத்தால் பெரும்பாலும் வந்துவிடும். வராவிட்டால் விட்டுவிட்டுப் பக்கத்தோடு ஸ்கேன் செய்யுங்கள். சட்டகக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிரிக்கவே பிரிக்காதீர்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் படத்தின் ஜெலட்டின் பூச்சு இளகிக் கண்ணாடியில் பிடித்துக்கொள்கிறது. இழுத்தால் முகம் கண்ணாடியில் தங்கிவிடும். கண்ணாடியோடு வைத்தே ஸ்கேன் எடுக்கலாம்.

எவ்வளவு நுணுக்கமாக ஸ்கேன் எடுப்பது என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. மாலை போட்டு மாட்டும் 12க்கு 16 அங்குலப் படத்துக்கு, அங்குலத்துக்கு 200 புள்ளி வைத்தால்கூட, 2400க்கு 3200 புள்ளிகள் வேண்டும். கல்யாணக் கூட்டப் படத்தில் பாட்டியின் முகம் ஒன்றரை சென்டிமீட்டர் அகலம்தான் இருக்கும். 1200 டிபிஐயில் (அங்குலத்துக்கு 1200 புள்ளி) ஸ்கேன் செய்தாலும் முகத்துக்குச் சுமார் 700 புள்ளிதான் தேறும். ஆகவே கூட்டப் படத்திலிருந்து வெட்டினால் பெரிதாக்கும் ஆசையை விட்டு, அஞ்சலட்டை அளவோடு நிறுத்துங்கள். சாதாரணக் குடும்பப் படங்களுக்கு 600 போதும். படத்தின் முதுகையும் ஸ்கேன் செய்ய மறக்காதீர்கள். ஸ்டூடியோவின் ரப்பர் முத்திரையும் பென்சில் தேதியும் அங்கேதான் இருக்கும்.

முகத்தைத் தெளிவாக்கித் தருவதாகச் சொல்லும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் தருவது பாட்டியை அல்ல, பாட்டியைப் போன்ற ஒருவரை. மூக்குத்தியை அழுக்கென்று நினைத்து அழிக்கும், அம்மைத் தழும்பைத் தேய்க்கும், பல்லை வரிசைப்படுத்தும். அப்படிச் செய்தால் பக்கத்தில் மூலப் படத்தையும் அச்சிடுவதுதான் நேர்மை. நெகடிவிலிருந்து எடுத்த படம் இடவலம் மாறியிருக்கிறதா என்று பார்க்க எளிய வழி, முந்தானை. நம் கட்டில் முந்தானை இடது தோளில் விழும். வலது தோளில் விழுந்தால் படம் திரும்பியிருக்கிறது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். பொட்டோடு உள்ள படமா, தாத்தா போன பிறகு எடுத்த படமா என்ற சச்சரவும் வரும். பாட்டி தமக்குப் பிடித்ததாகத் தனியே எடுத்து வைத்த படம் ஏதாவது உண்டா என்று பாருங்கள். பலர் அதை முன்கூட்டியே சொல்லி வைத்திருப்பார்கள்.

இனி தேதிகள். மலரில் அதிகம் தப்பாவது இதுதான்.

முதல் சிக்கல் பிறந்த நாள். 1940க்கு முன் பிறந்தவர்களில் பலருக்குப் பிறப்புப் பத்திரம் கிடையாது. ஐசியில் (அடையாள அட்டையில்) இருப்பது பதிவு எடுத்த அன்று சொன்ன வயதிலிருந்து கணக்கிட்டது. ஜனவரி 1 என்று இருந்தால் சந்தேகப்படுங்கள். ஐசி எண்ணின் முதல் இரண்டு இலக்கத்திலிருந்து பிறந்த ஆண்டைக் கண்டுபிடிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். 1968 முதல் இங்கே பிறந்தவர்களுக்குத்தான் அது பொருந்தும். பாட்டிகளின் எண் பெரும்பாலும் 0 அல்லது 1 என்று தொடங்கும், அதில் ஆண்டு இல்லை. எப்படியும் ஐசி எண்ணை மலரில் அச்சிடக் கூடாது.

பாட்டி தாமே சொன்ன கணக்கு தமிழ் வருஷமாக இருந்தால் அது பெரும்பாலும் ஐசியைவிட நம்பகமானது. "தாது வருஷம் ஆடி மாசம்" என்றால் 1936 ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்டு நடுவுக்குள். அறுபது வருஷச் சுழற்சியில் 1927 பிரபவ. அங்கிருந்து எண்ணினால் 1942 சித்திரபானு, 1945 பார்த்திப. இரண்டு இடத்தில் சறுக்கும். வருஷம் சித்திரையில் தொடங்குவதால் தாது வருஷத் தை, மாசி, பங்குனி எல்லாம் 1937இல் விழும். இன்னொன்று, ஒரே பெயர் அறுபது வருஷத்துக்கு ஒரு முறை திரும்பும். "தாது வருஷப் பஞ்சம்" என்று பாட்டி சொன்னது அவர் பாட்டியிடம் கேட்ட 1876 பஞ்சம், அவர் பிறந்த வருஷத்தில் வந்தது அல்ல.

இரண்டாவது சிக்கல், நடுவில் நடந்தவற்றின் வருஷம். பாட்டி உயிரோடு இருக்கும் வீடுகள் இதை இன்றே செய்யலாம்; இல்லாத வீடுகள் அவர் தங்கையிடமோ நாத்தனாரிடமோ கேட்கலாம். "எந்த வருஷம் தோப்பாயோவுக்கு வீடு மாறினீங்க?" என்றால் பதில் வராது. "மாறும்போது சின்ன மாமா நடந்தாரா, தவழ்ந்தாரா?" என்றால் உடனே வரும். பிள்ளையின் பிறந்த தேதி பத்திரத்தில் இருக்கிறது. தவழ்ந்தது எட்டு, ஒன்பது மாதம். கணக்கு முடிந்தது. ஊர் முழுக்க அறிந்த சம்பவங்களும் உதவும்: ஜப்பான்காரனிடம் சிங்கப்பூர் விழுந்த 1942 பிப்ரவரி 15, அன்று சீனப் புத்தாண்டு. புக்கிட் ஹோ சுவீ தீ 1961 மே 25, அன்று ஹஜ்ஜுப் பெருநாள். தொலைக்காட்சி தொடங்கியது 1963 பிப்ரவரி 15. கலவரத்தில் ஊரடங்கு போட்ட 1964 ஜூலை 21. பெருவெள்ளம் 1978 டிசம்பர் 2. ஹோட்டல் நியூ வோர்ல்ட் இடிந்தது 1986 மார்ச் 15. எம்ஆர்டி ரயில் முதலில் ஓடியது 1987 நவம்பர் 7. "வெள்ளம் வந்தப்ப எந்த வீட்டுல இருந்தீங்க, தண்ணி முழங்கால் வரைக்குமா, இடுப்பு வரைக்குமா?" என்று கேட்டால் வீடும் வரும், அண்டை வீட்டாரும் வருவார்கள், மிதந்துபோன கோழிக் கூண்டும் வரும்.

பேச்சைப் பதிவு செய்யும்போது மின்விசிறியை நிறுத்துங்கள். காதுக்குப் பழகிப்போன அந்த இரைச்சல் பதிவில் பாதியைத் தின்றுவிடும். கைப்பேசியை விமானப் பயன்முறையில் போட்டு, மடித்த துண்டின் மேல், அவர் வாயிலிருந்து ஒரு முழ தூரத்தில் வையுங்கள். மேசை மேல் நேராக வைத்தால் காப்பிக் கோப்பையின் ஒவ்வொரு தட்டலும் இடியாக விழும். நாற்பது நிமிடத்துக்கு மேல் வேண்டாம். மகள் பக்கத்தில் உட்கார்ந்து "அது அப்படி இல்லம்மா" என்று திருத்திக்கொண்டே இருந்தால் பாட்டி வாயை மூடிக்கொள்வார். திருத்தத்தைத் தனியே எழுதிக்கொள்ளலாம். மறதி நோய் தொடங்கியவர்களிடம் கேள்வியைவிடப் படமும் பாத்திரமும் நன்றாக வேலை செய்யும். பழைய அம்மிக்குழவியைக் கையில் கொடுங்கள்.

மிகைப்படுத்தலையும் சோதிக்க வேண்டும், ஆனால் மரியாதையோடு. நேதாஜி சிங்கப்பூர் வந்தது 1943 ஜூலையில். அவருடைய இந்திய தேசிய ராணுவத்தின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணி படையின் பயிற்சி முகாம் வாட்டர்லூ ஸ்திரீட்டில் அதே ஆண்டு அக்டோபர் 22ஆம் நாள் தொடங்கியது. 1936இல் பிறந்தவருக்கு அப்போது ஏழு வயது. "பாட்டி படையில் இருந்தார்" என்று குடும்பத்தில் உலவும் கதை, அவர் அக்கா இருந்ததாகவோ அம்மா படைக்காகக் காதுத் தோட்டைக் கழற்றிக் கொடுத்ததாகவோ இருக்கலாம். எது உறுதியோ அதை எழுதுங்கள். அதுவே பெரிய செய்திதான்.

கப்பலில் வந்தவரென்றால் பெரும்பாலும் 'ரஜூலா' என்பார்கள். நாகப்பட்டினம், சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்கு எழுபதுகளின் தொடக்கம்வரை ஓடிய கப்பல் அது. ஆனால் வந்த எல்லாக் கப்பலையும் அந்தப் பெயராலேயே சொல்லும் பழக்கமும் உண்டு. பழைய கடவுச்சீட்டு இருந்தால் முத்திரையைப் பாருங்கள். எல்லாப் பாட்டிகளும் கப்பலில் வந்தவர்களும் அல்லர். ஜொகூர் தோட்டங்களில் பிறந்து, கல்யாணமாகிக் காஸ்வே பாலம் தாண்டி வந்தவர்கள் ஏராளம். அவர்களின் பிறப்புப் பதிவு மலேசியாவில் இருக்கும்.

முகவரிக்குப் பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்களைப் பிறந்த வரிசையில் அடுக்கினால், வீடு மாறிய வரிசை பாதி தெரிந்துவிடும். தகவல் கொடுத்தவரின் முகவரி பல பழைய பத்திரங்களில் இருக்கிறது. பிறந்த இடம் கேகே (கண்டாங் கெர்பாவ்) மகப்பேற்று ஆஸ்பத்திரி என்றால் வியக்க ஒன்றுமில்லை. 1966இல் மட்டும் அங்கே 39,835 குழந்தைகள் பிறந்தன. மறைந்துபோன கம்பத்துப் பெயர்களைத் தேசிய ஆவணக் காப்பகத்தின் பழைய வரைபடங்களில் தேடலாம். பெயர் அதேதான், இடம் மாறிவிட்டது என்ற குழப்பமும் உண்டு. 1982க்கு முன் பாட்டி மீன் வாங்கிய தேக்கா மார்க்கெட் இப்போதைய கட்டடம் அல்ல, சாலைக்கு எதிர்ப்புறம் இருந்த பழைய சந்தை. செம்பவாங் கடற்படைத் தளக் குடியிருப்பில் இருந்தவர்களுக்கு 1971 ஒரு கோடு. பிரிட்டிஷ் படைகள் கிளம்பியதோடு அந்த வாழ்க்கை கலைந்தது. தாத்தாவின் மரண அறிவித்தல் 'தமிழ் முரசு'வில் வந்திருந்தால் (1935 ஜூலையில் தொடங்கிய இதழ்) தேசிய நூலக வாரியத்தின் நாளிதழ்த் தளத்தில் தேதியைக் கொண்டு புரட்டலாம். பழைய அச்சில் லை, ணை, றா போன்ற எழுத்துகள் வேறு வடிவில் இருக்கும். இளையவர்கள் பக்கத்தில் ஒரு பெரியவரை வைத்துக்கொள்வது நல்லது.

தொழில் என்ற இடத்தில் எல்லாப் பத்திரங்களும் "இல்லத்தரசி" என்றே சொல்லும். நம்பாதீர்கள். பசு வைத்துப் பால் ஊற்றியது, வெள்ளைக்காரர் வீட்டில் ஆயா வேலை, ஆப்பம் சுட்டு விற்றது, சீட்டுப் பிடித்தது, அண்டை வீட்டுப் பிள்ளைகளை மாதம் இத்தனை வெள்ளிக்குப் பார்த்துக்கொண்டது எதுவும் மத்திய சேம நிதிக் கணக்கில் ஏறாது. "காலையில எத்தனை மணிக்கு எழுந்திரிப்பீங்க, முதல் வேலை என்ன?" என்ற ஒரு கேள்வி இதையெல்லாம் வெளியே கொண்டுவரும்.

சமையல் பக்கம் வைக்க விரும்பினால் அளவுதான் வழக்கு. "எலுமிச்சை அளவு புளி" எடை போட்டால் ஒருவர் கையில் 20 கிராம், இன்னொருவர் கையில் 40. வழி என்னவென்றால், சமைப்பதற்கு முன் எல்லா டப்பாவையும் தராசில் வைத்து எடையைக் குறித்து, சமைத்து முடித்தபின் மறுபடி எடை போடுவது. குறைந்ததுதான் அளவு. அவர் கையை இடையில் நிறுத்தி "இருங்க பாட்டி, அளக்கணும்" என்றால் கைக்கணக்கு குலைந்து, உப்பு கூடிவிடும். அரிசி அளந்த பால் டின்னைத் தேடி எடுத்து, தண்ணீர் நிரப்பி எடை பார்த்து, வெறும் டின்னின் எடையைக் கழியுங்கள். கிராம் எத்தனையோ மில்லிலிட்டரும் அத்தனை. மில்லில் அரைத்த கறிப்பொடிக்கு மிளகாய், மல்லி விகிதத்தை மகள்களிடம் தனித்தனியே கேளுங்கள். ஆளுக்கொன்று சொல்வார்கள். எல்லாவற்றையும் போடுங்கள்.

வம்ச மரத்தில் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் பெயர்களைத் தமிழில் எழுதித் தரச் சொல்லி வாங்குங்கள். நீங்களாக எழுத்துக்கூட்டினால் மருமகள் பெயர் நிச்சயம் தப்பும். சீன மருமகன், மலாய் மருமகள் பெயரை உச்சரிக்கச் சொல்லிக் கேட்டு எழுதுங்கள். குழந்தையிலேயே இறந்த பிள்ளைகளைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பாட்டி கடைசிவரை அந்தப் பிள்ளைகளையும் சேர்த்துத்தான் எண்ணியிருப்பார். சீனக் குழந்தைகளைத் தத்தெடுத்து வளர்த்த தமிழ்க் குடும்பங்கள் இங்கே நிறைய; அப்படி வளர்ந்த அத்தையை எப்படிக் குறிப்பிடுவது என்பதை அத்தையே முடிவு செய்யட்டும். மலர் ஆசிரியருக்கு அதில் வேலை இல்லை.

திதி கணக்குக்கு ஒரு எச்சரிக்கை. தமிழ்நாட்டுப் பஞ்சாங்கத்தில் திதி முடியும் நேரம் இந்திய நேரம். சிங்கப்பூர் நேரம் அதைவிட இரண்டரை மணி முன்னால். இங்கே அதிகாலை 1.15க்கு உயிர் பிரிந்தால் அங்கே முதல் நாள் இரவு 10.45. அதைக் கழிக்காமல் பார்த்தால் ஒரு திதி தள்ளிப்போகலாம், ஒவ்வோர் ஆண்டும் தப்பான நாளில் படையல் நடக்கலாம். வீட்டில் நடந்த மரணத்துக்கு மருத்துவர் வந்து உறுதிசெய்த நேரம் சில மணி நேரம் பிந்தியிருக்கலாம். பக்கத்தில் இருந்தவர் பார்த்த நேரத்தை அன்றே எழுதி வைத்து அர்ச்சகரிடம் கொடுங்கள். பழைய ஜாதகத்தைச் சரிபார்ப்பவர்களுக்கு இன்னொன்று: 1982 ஜனவரி 1ஆம் தேதிதான் நம் கடிகாரம் அரை மணி முன்னால் நகர்ந்தது. போர் முடிந்ததிலிருந்து அதுவரை இந்தியாவோடு வித்தியாசம் இரண்டு மணி. ஜப்பான் காலத்திலோ தோக்கியோ நேரம்.

அச்சு விஷயத்தில் எங்கள் கருத்து கொஞ்சம் கறார். பதினாறாம் நாளுக்கு மலர் வேண்டாம். ஒரு மடிப்புத் தாள் போதும்: நல்ல படம், பிறந்த நாள், மறைந்த நாள், குடும்பப் பெயர்கள். மலரைத் தலைத்திவசத்துக்கு வையுங்கள். ஓராண்டு கிடைக்கும், அழுகையும் அடங்கியிருக்கும். ஏ5 அளவில் நடுவில் பின் அடித்த புத்தகத்துக்குப் பக்க எண்ணிக்கை நான்கின் மடங்காக இருக்க வேண்டும். 24 பக்கம் கைக்கு அடக்கம். ஓரம்வரை படம் வந்தால் வெட்டுக்கு மூன்று மில்லிமீட்டர் விடுங்கள். தமிழ் எழுத்துகள் உடைவது பெரும்பாலும் வடிவமைப்பாளரின் மென்பொருளில்: இன்டிசைனில் உலக மொழிகளுக்கான பத்தி அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் போய்விடும். கொ, கோ, கௌ, ஸ்ரீ நான்கையும் பிடிஎஃப்பில் தேடிப் பாருங்கள். அச்சுக்குப் போகும் முன் ஒருவர் பெயர்களை உரக்க வாசிக்க, இன்னொருவர் மூலப் பட்டியலில் விரல் வைத்துச் சரிபார்க்கட்டும். பிரதிகளை ஆள் கணக்கில் எடுக்காமல் வீட்டுக் கணக்கில் எடுத்து, பத்து கூடுதலாகப் போடுங்கள்.

கடைசி இரண்டு பக்கத்தை வெறுமையாக விடுங்கள். திவசத்தன்று இலை எடுத்த பிறகு பெரியவர்கள் மலரைப் புரட்டுவார்கள். "இது தப்பு, அவ இந்த வீட்டுக்கு வந்தப்ப கரண்டே கிடையாது" என்று ஒரு சின்னம்மா சொல்வார். அப்போது தேடாமல் கைக்கெட்டும் இடத்தில் நாலு பேனா இருக்கட்டும். சொன்னவர் பெயரும் தேதியும் சேர்த்து அந்தப் பக்கத்திலேயே எழுதி, வீடு திரும்புமுன் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.